மேகலையின் கடைசி ஃபேஷியல்

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்காதீர்கள், சொன்னால் வனத்துறைக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டிவரும், மேகலை என்றொரு புள்ளிமான் இருந்தாள். நல்ல குணம். யார் வம்புக்கும் போகமாட்டாள். மேயும்போதுகூடப் புல்லின் நுனியை மட்டும் கடித்துவிட்டு மீதியைப் பின்னால் வருகிறவர்களுக்கு விட்டுவைப்பாள். இப்படி நல்ல குணமுள்ளவர்களுக்குக் கதைகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவள் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது.

“அன்புடையீர், நாளை வெள்ளிக்கிழமை மாண்புமிகு புலிராஜா பராக்கிரமன் அவர்களின் காலை உணவாகத் தாங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள். வாழ்த்துகள். காலை எட்டு மணிக்குக் குகை வாசலில் ஆஜராகவும். அசல் அடையாள அட்டையும் ஒரு நகலும் அவசியம்.”

முன்பெல்லாம் அந்தக் காட்டில் இப்படி இல்லை. புலி துரத்தும், மற்றவர்கள் ஓடுவார்கள், மாட்டியவர் கதை முடியும். பார்க்கவே அசிங்கமாக இருக்கும். காடு முன்னேற வேண்டும் என்று எல்லோரும் கூடிப் பேசி, ஒரு பட்டியல் போட்டு, அதைக் கணினியில் ஏற்றினார்கள். அதன் பிறகு யாரும் ஓட வேண்டியதில்லை, யாரும் துரத்த வேண்டியதில்லை. செய்தி வரும், போக வேண்டும். போகாவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதான் ஆஜராகவும் என்று போட்டிருக்கிறதே, பிறகு எப்படிப் போகாமல் இருப்பது?

மேகலை செய்தியை மூன்று முறை படித்தாள். அவளுக்குச் சாகப் பிடிக்கவில்லை. அவளுக்கு வயது நாலுதான். போன மழைக்குத்தான் ஓடைக்கு அந்தப்பக்கம் ஒரு நல்ல புல்தரையைக் கண்டுபிடித்திருந்தாள், அதில் பாதிகூட மேய்ந்து முடிக்கவில்லை. அழுதாள். அழுது முடித்ததும் நகல் எடுக்கப் போனாள்.

அவளுக்கு இரண்டு தோழிகள். ஒருத்தி பெரியநாயகி என்ற யானை. புலியால் தின்ன முடியாத அளவு என்பதால் அவள் பெயர் பட்டியலில் கிடையாது. இன்னொருத்தி மரகதம் என்ற தேரை. தின்றாலும் பல்லிடுக்குக்குப் போதாது என்பதால் அவள் பெயரும் கிடையாது. நடுவாந்தரமாகப் பிறந்தவர்களுக்குத்தான் எப்போதும் கஷ்டம்.

மேகலை இரண்டு தோழிகளிடமும் செய்தியைக் காட்டினாள். பெரியநாயகி தும்பிக்கையால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றாள். கடைசியில் அவள்தான் வாயைத் திறந்தாள்.

“சாயங்காலம் ரெண்டு பேரும் நம்மூட்டுக்கு வந்துருங்க கண்ணு. என்றகிட்ட முகத்துக்குப் போடற சாமானம் ஒரு பை நிறைய இருக்குது. மூணு பேரும் சேர்ந்து போட்டுக்கலாம்.”

“இப்பவா அக்கா?” என்றாள் மேகலை.

“பொறகு எப்ப?” என்றாள் பெரியநாயகி. சொன்ன பிறகுதான் அந்தப் பதில் அவளுக்கே உறைத்தது. சட்டென்று திரும்பி, பறிக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு கிளையைப் பறித்தாள்.

பெரியநாயகியின் வீடு ஓடையோரம், மூங்கில் புதருக்குப் பின்னால். வெயில் இறங்கியதும் மூவரும் அங்கே கூடினார்கள். யானை ஒரு ரோஜா நிறப் பையைத் தூக்கிவந்து பாறைமேல் கவிழ்த்தாள். சுற்றுலா வண்டியில் வந்த ஓர் அம்மாள் யானையைப் பார்த்த பயத்தில் விட்டுவிட்டு ஓடிய பை அது. உள்ளே டப்பாக்களும் டியூபுகளும் குட்டிக் குட்டிக் கண்ணாடிச் சீசாக்களுமாக இருபது சாமான்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

“ரெண்டு வருசமா வச்சிருக்கறியேக்கா, ஒண்ணைக்கூடத் தொடலையா?” என்றாள் மரகதம்.

“விசேசத்துக்கு எடுக்கலாமுன்னு வச்சிருந்தேன்.”

நல்ல புடவையையும் நல்ல பீங்கான் தட்டையும் விசேஷத்துக்கு என்று எடுத்துவைத்தே காலத்தைக் கழிப்பவர்கள் காட்டிலும் உண்டு என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம்.

மரகதம் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். இந்த விஷயத்தில் அவள்தான் மற்ற இருவருக்கும் குரு. கைபேசியில் ‘மரகதம் அழகுக் குறிப்புகள்’ என்று ஒரு சேனல் வைத்திருந்தாள். மூன்று பேர் பின்தொடர்ந்தார்கள். ஒன்று பெரியநாயகி, இரண்டு மேகலை. மூன்றாவது ஒரு பாம்பு. அது எதற்காகத் தன் வீடியோக்களைப் பார்க்கிறது என்று மரகதம் யோசிக்க விரும்புவதில்லை.

“மக்களே, முதல்ல தேதி பார்க்கணும்,” என்று ஒவ்வொரு டப்பாவாகப் புரட்டினாள். “இது முடிஞ்சிருச்சு. இதுவும் முடிஞ்சிருச்சு. இது பரவால்ல. இந்த டியூப் நாளையோட...”

நிறுத்திக்கொண்டாள். பெரியநாயகி காதை ஆட்டுவதை நிறுத்தினாள்.

“அப்ப அதுவும் நானும் ஒரே செட்டு,” என்றாள் மேகலை. முதலில் சிரித்ததும் அவள்தான். மற்ற இருவரும் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு அளவுக்கு மீறிச் சிரித்தார்கள்.

பிறகு மரகதம் லேபிள்களைப் படிக்க ஆரம்பித்தாள். வினை அங்கேதான் தொடங்கியது. மனிதர்கள் மனிதர்களுக்காக எழுதியதை மிருகங்கள் படிக்கக் கூடாது. படித்தாலும் நம்பக் கூடாது.

“‘சருமச் சுருக்கங்கள், தொய்வு, சாம்பல் பூத்த தோற்றம். வயதாவதன் இந்த அறிகுறிகளைப் பார்த்துக் கலங்குகிறீர்களா?’”

பெரியநாயகி தன் முன்னங்காலைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பார்த்தாள். “எனக்குப் பொறந்ததுல இருந்தே இப்படித்தானே இருக்குது?”

“அதாங்கா விஷயம். பொறக்கும்போதே உனக்கு வயசாயிருச்சு. யாரும் கவனிக்கல.”

“எங்கம்மா கூடச் சொல்லலியே,” என்றாள் பெரியநாயகி. குரல் கம்மிவிட்டது. “அவளுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. பாவம், தெரியாமயே போய்ச் சேர்ந்துட்டா.”

“அடுத்தது. ‘கன்னத்தில் ஒரே ஒரு புள்ளி விழுந்தாலே முழு அழகும் கெட்டுவிடும். புள்ளிகளற்ற சருமமே பெண்களின் கனவு.’”

இரண்டு பேரும் மேகலையைப் பார்த்தார்கள். மேகலை தன் முதுகைத் திரும்பிப் பார்த்தாள். கழுத்திலிருந்து வால்வரை எண்ணூறாவது இருக்கும்.

“ஒரே ஒரு புள்ளி விழுந்தாலேவா?” என்று கேட்டாள்.

“அப்படித்தான் போட்டிருக்கு.”

“அப்ப என் நிலைமை ரொம்ப மோசமா இருக்கேடி.”

“முத்திப் போச்சு,” என்று மரகதம் வருத்தத்தோடு ஒத்துக்கொண்டாள். அடுத்த டப்பாவை எடுத்தாள். படித்தவள் பாதியில் நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தாள். அதில் பருக்கள், மேடுபள்ளங்கள், எண்ணெய் வழியும் தோல், பச்சை பாய்ந்த தோற்றம் என்று வரிசையாகப் போட்டிருந்தது. மரகதத்தின் வாழ்க்கை வரலாற்றையே யாரோ எழுதிவைத்த மாதிரி இருந்தது. அவள் அந்த டப்பாவைச் சத்தமில்லாமல் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டாள்.

“அது என்ன, எங்களுக்கும் படியேன்.”

“இது... பொதுவானதுடி. எல்லாருக்கும் உள்ளது.”

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்தக் காட்டில் மூன்று பேர் தங்கள் தோலைப் பற்றி எந்த நினைப்புமில்லாமல் இருந்தார்கள். இப்போது மூவருமே நோயாளிகள். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நாளைக்காலை எட்டு மணி என்பது அந்த ஒரு மணி நேரம் யாருடைய நினைவிலும் இல்லை. அதற்காகவே அந்த லேபிள்களை எழுதியவர்களை மன்னித்துவிடலாம்.

வேலை தொடங்கியது. முதலில் முகம் கழுவினார்கள். மேகலைக்கும் மரகதத்துக்கும் ஆளுக்கு ஒரு சொட்டு போதுமானதாக இருந்தது. பெரியநாயகிக்கு ஒரு முழு பாட்டில் ஃபேஸ்வாஷ் நெற்றியோடு தீர்ந்துவிட்டது. ஸ்க்ரப் தேய்த்தார்கள். டோனர் தெளித்தார்கள். சீரம் என்று ஒரு சின்ன சீசாவில் இருந்ததை மரகதம் பயபக்தியோடு சொட்டுச் சொட்டாக மேகலையின் கன்னத்தில் வைத்து, நாலு விரலாலும் தட்டித் தட்டி உள்ளே இறக்கினாள்.

“தேய்க்கக் கூடாது மேகலை, தட்டணும். நான் போட்ட மூணாவது வீடியோவுல சொல்லியிருக்கேன்.”

“பார்த்தேன்டி.”

“பார்த்தியா, லைக் போடலையே?”

“நாளைக்குப் போட...” என்று தொடங்கிய மேகலை, “இப்பவே போட்டுடறேன்” என்று முடித்தாள். போடவும் செய்தாள்.

பிறகு முகத்துக்குக் களிமண் பேக். மூவரும் முகமெல்லாம் சாம்பல் நிறமாகப் பூசிக்கொண்டு பாறையில் சாய்ந்தார்கள். கண்மேல் வெள்ளரிக்காய் வைக்க வேண்டுமாம். காட்டில் வெள்ளரிக்காய்க்கு எங்கே போவது? பெரியநாயகி கோவைக்காயை நறுக்கி வைத்தாள். தன் கண்ணுக்கு வைத்ததை இரண்டு தடவை தின்றுவிட்டு மூன்றாவதாக வைத்தாள்.

“காயற வரைக்கும் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, வாயே திறக்கக் கூடாது,” என்றாள் மரகதம். “திறந்தா வெடிப்பு விழும். விழுந்த இடத்துல சுருக்கம் நிரந்தரமா தங்கிடும்.” இதைச் சொல்லும்போது அவள் வாய் திறந்துதான் இருந்தது. குருமார்களுக்கு விதி கிடையாது.

அமைதியாக இருந்தார்கள். மூங்கில் கிரீச்சிட்டது. முகத்தில் களிமண் இழுத்துப் பிடிக்கும் அந்தக் குளிர்ச்சி மேகலைக்குப் பிடித்திருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு பேர் இருப்பதும் பிடித்திருந்தது. ஒருத்தியின் மூச்சு பெரிது, இன்னொருத்தியின் மூச்சு காதிலேயே விழாது. இது இன்னொரு தடவை கிடைக்காது என்று நினைத்தாள். அழுதால் களிமண் வெடித்துவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது மரகதம், பேசாமல் இருக்க முடியாத ஜென்மம், சொன்னாள்: “ஒரு தடவை போட்டாலே இவ்வளவு வித்தியாசம் தெரியுது மேகலை. அடுத்த வாரமும் விடாம போட்டா...”

சிறிது நேரத்தில் பாறையில் ‘சொத்’ என்று ஏதோ விழும் சத்தம் கேட்டது. மேகலை கோவைக்காயை எடுத்துவிட்டுப் பார்த்தாள். பெரியநாயகி அழுதுகொண்டிருந்தாள். யானை அழுகை சாதாரண அழுகை இல்லை. களிமண் முழுதும் கரைந்து கன்னம் வழியாகத் தும்பிக்கையில் இறங்கி ஓடியது.

“அழாதேக்கா, பேக் கரையுது,” என்றாள் மேகலை.

“கரைஞ்சா கரையட்டும் போ! எனக்கெதுக்கு முகம்? என்ற உடம்புல ஒரு காலைத் தின்னாக்கூட அவனுக்கு ஒரு மாசத்துக்கு ஆகும். என்னைக் கூப்புட மாட்டேங்கறானே!”

மரகதமும் அழுதாள். மேகலை இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒருத்தியின் தும்பிக்கையையும் ஒருத்தியின் முதுகையும் தடவிக்கொடுத்தாள். சாகப்போகிறவர் மற்றவர்களைத் தேற்றுவதுதான் எல்லா இடத்திலும் வழக்கம். மூன்று பேக்கும் பாழ். மறுபடி கழுவி, மறுபடி பூசினார்கள்.

கிளம்பும்போது பெரியநாயகி ஒரு டியூபை மேகலையின் பையில் வைத்தாள். நாளையோடு தேதி முடிகிறது என்று சொன்னார்களே, அந்த டியூப்தான். பூசிக் காய்ந்ததும் தோலோடு தோலாகப் பிடித்துக்கொண்டு, உரித்தால் ஒரே படலமாகக் கழன்றுவரும் மாஸ்க். இருப்பதிலேயே விலை உயர்ந்தது அதுதான்.

“காலைல கெளம்பறதுக்கு முன்னால போட்டுக்க கண்ணு. பளிச்சுனு போ. அவன் பார்த்து மூக்குல வெரல வைக்கட்டும்.”

“கீழேருந்து மேலா, ஒரே இழுப்பா இழுக்கணும்,” என்றாள் மரகதம். “உரிச்சதை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாரு. முகத்துல இருந்த அழுக்கெல்லாம் அதுல தெரியும். அதைப் பார்க்கிறதுதான் பாதி சந்தோஷம்.”

டியூபின் முதுகில் எறும்பு அளவு எழுத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. பெரிய எழுத்தில் திட்டுவதை எல்லாம் உருகி உருகிப் படித்த மரகதம் சின்ன எழுத்தைப் படிக்கவில்லை. நாமும் படிப்பதில்லை.

காலையில் மேகலைக்கு மாஸ்க் போட நேரமில்லை. நகலைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்ததில் மணி ஏழரை ஆகிவிட்டது. டியூபைப் பையிலேயே போட்டுக்கொண்டு ஓடினாள். சாவதற்குக்கூடத் தாமதமாகப் போக அவளுக்கு மனசு வரவில்லை.

குகை வாசலில் ஒரு மேசை. மேசைமேல் ஒரு கேமரா இயந்திரம். மேசைக்குப் பின்னால் குப்புசாமி என்ற தேவாங்கு. இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்கும் பிறவி அவன். அலுவலக நேரம் பகலில் என்பதால் பாதித் தூக்கத்தில்தான் வேலை பார்ப்பான். அவனுக்குப் பின்னால், வயிறு தரையில் படப் படுத்திருந்தார் புலிராஜா பராக்கிரமன். உணவு வாசலுக்கே வரத் தொடங்கி ஐந்து வருஷம். கடைசியாக எப்போது எழுந்து ஓடினார் என்பது அவருக்கே நினைவில்லை.

“அசல்?” என்றான் குப்புசாமி. மேகலை கொடுத்தாள். “நகல்?” கொடுத்தாள். “முகத்தைக் கேமராவுல காட்டும்மா.”

காட்டினாள். இயந்திரம் யோசித்தது. ‘மேகலை, புள்ளிமான், 99 சதவீதம் பொருத்தம்’ என்று எழுத்து வந்தது.

மேகலைக்கு வந்த முதல் உணர்ச்சி பயம் இல்லை, கோபம். “தொண்ணூத்தொன்பதா? நேத்து மூணு மணி நேரம் உக்கார்ந்து போட்டிருக்கேன். ஒரே ஒரு சதவீதம்தான் மாறியிருக்கா?”

“அது எனக்குத் தெரியாதும்மா. அடுத்து மகாராஜா முகம்.”

இது ஒரு புதிய நடைமுறை. புலியின் பெயரைச் சொல்லி ஒரு சிறுத்தை இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டுப் போனதிலிருந்து, தின்னப்படுகிறவர் மட்டுமல்ல, தின்கிறவரும் முகத்தைக் காட்ட வேண்டும் என்று பராக்கிரமனே சட்டம் போட்டிருந்தார். முகம் பொருந்தாத எவருக்கும் அந்தக் குகையில் ஒரு வேளை உணவு கிடையாது.

பராக்கிரமன் சிரமப்பட்டு எழுந்து மேசைக்கு வந்தார். மேகலை முதன்முறையாக அவரைக் கிட்டத்தில் பார்த்தாள். நேற்றுவரை அவள் புலியைப் பார்த்திருந்தால் பல்லைத்தான் பார்த்திருப்பாள். ஆனால் நேற்று மாலை முழுதும் முகங்களையும் குறைகளையும் மட்டுமே பார்த்துப் பழகிய கண் அது. அது வேறெதையோ பார்த்தது.

“என்ன அப்படிப் பார்க்கிறே?” என்றார் புலி.

“ஒண்ணுமில்லீங்க ராஜா.”

“சொல்லு. சாகப்போற நேரத்துல பொய் சொல்லாதே.”

“இல்லீங்க... ராத்திரி சரியாத் தூங்கறதில்லீங்களா? கண்ணுக்குக் கீழ ஒரே கறுப்பா இருக்குது. முகமும் ஏன் இப்படி வாடிக் கிடக்குது?”

குப்புசாமிக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. அந்தக் காட்டில் ராஜாவிடம் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பேசியிருக்கிறார்கள். கெஞ்சியிருக்கிறார்கள், குட்டிகளைக் காட்டி அழுதிருக்கிறார்கள், தங்களைவிடக் கொழுத்தவர்களின் விலாசம் கொடுத்திருக்கிறார்கள். யாரும் இப்படி அவர் மேல் அக்கறை காட்டியதில்லை.

பராக்கிரமன் உறுமவில்லை. தலை குனிந்துகொண்டார். அந்தச் சட்டம் போட்டதிலிருந்து தினமும் காலையில் அந்தக் கேமராவில் தன் முகத்தைத் தாடைக்குக் கீழிருந்து பார்த்துப் பார்த்து அவர் மனசுக்குள் வெந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

“அவ்வளவு தெரியுதா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“கவனிச்சா எல்லாம் சரியாயிடுங்க. நேத்து எங்கக்கா எனக்குப் போட்டுவிட்டாங்க.”

“அதான் பார்த்தேன். நீ உள்ளே வரும்போதே ஒரு பளபளப்பு. குப்புசாமி, இவளைத் தின்னா அது எனக்கு வருமா?”

“வராதுங்க மகாராஜா. உள்ளுக்குச் சாப்பிடறது வேற, மேலுக்குப் பூசறது வேற.”

மேகலை பையிலிருந்து டியூபை எடுத்தாள். இதில் தந்திரம் எதுவும் இருந்ததாக நீங்கள் நினைத்தால் அது உங்கள் படிப்பின் கோளாறு. கையில் நல்ல சாமான் இருக்கிறது, எதிரில் ஒரு வாடிய முகம் இருக்கிறது, தேதி வேறு இன்றோடு முடிகிறது. வீணாகப் போக விடலாமா? “இருபது நிமிஷந்தாங்க. பொறகு சாப்புடலாம்,” என்றாள்.

புலி உட்கார்ந்தது. நெற்றி, கன்னம், மீசை, தாடை என்று ஓர் இடம் விடாமல் கெட்டியாகப் பூசினாள். குளம்பால் எப்படிப் பூசினாள் என்று கேட்காதீர்கள். பேசத் தெரிந்த மானுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

“காயற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுங்க. திறந்தா சுருக்கம் நிரந்தரமாத் தங்கிடும்.”

பராக்கிரமன் வாயை இறுக்க மூடிக்கொண்டார். கண்ணையும் மூடிக்கொண்டார். ராஜாவே கண்ணை மூடியதைப் பார்த்த குப்புசாமியும் மேசையில் தலை சாய்த்தான்.

வாசல் திறந்து கிடந்தது. காவல் இல்லை, விழித்திருப்பவர் யாரும் இல்லை. ஓடிவிடு என்று மேகலையின் நாலு காலும் சொல்லின. ஓடைக்கு அந்தப்பக்கப் புல்தரை கண்ணுக்குள் வந்தது. ஓரடி எடுத்து வைத்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். மாஸ்க் இன்னும் காயவில்லை. ஒருவர் முகத்தில் பூசிவிட்டுப் பாதியில் போவதா? மணிக்கணக்கில் அப்படியே விட்டால் எரிச்சல் வந்துவிடும். மரகதத்துக்குத் தெரிந்தால் காறித் துப்புவாள். மேகலை திரும்பி வந்து உட்கார்ந்து நிமிஷத்தை எண்ண ஆரம்பித்தாள்.

ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கண்விழித்த புலி தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கழுவியிருக்கும். மறுநாளைக்குச் செய்தி மறுபடி வந்திருக்கும். ஓடாததால்தான் இந்தக் கதைக்கு ஒரு முடிவு கிடைத்தது.

இருபது நிமிஷம் ஆனது. மேகலை தாடைக்குக் கீழே ஓரத்தைப் பிடித்தாள். கீழிருந்து மேலாக, ஒரே இழுப்பாக இழுத்தாள்.

அந்த அலறல் ஓடையோரம் வரை கேட்டது. அங்கே பெரியநாயகியும் மரகதமும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, “போயிட்டாடி” என்று அழுதார்கள். உண்மையில் போனது புலியின் மீசை. அதோடு புருவம், கன்னத்து முடி, நெற்றிக் கோடுகள், எல்லாம் வேரோடு கழன்று மாஸ்க்கோடு வந்துவிட்டன. முடியுள்ள இடத்தில் பூசாதீர்கள் என்பதுதான் டியூபின் முதுகிலிருந்த அந்தச் சின்ன எழுத்து. பராக்கிரமனின் முகம் தோலுரித்த அவித்த உருளைக்கிழங்கு மாதிரி இளஞ்சிவப்பாக நின்றது.

மேகலை இதையெல்லாம் கவனிக்கவில்லை. உரித்ததும் செய்ய வேண்டியதை அவள் செய்துகொண்டிருந்தாள். படலத்தை இரண்டு பக்கமும் பிடித்து, முகத்துக்கு நேராக, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

மேசைமேல் இருந்த இயந்திரம் ‘டிங்’ என்றது. “வணக்கம், புலிராஜா பராக்கிரமன் அவர்களே. 96 சதவீதம் பொருத்தம்.”

குப்புசாமி அடித்துப் பிடித்து எழுந்து மாஸ்க்கைப் பார்த்துக் கும்பிட்டான். “மகாராஜா! காலை உணவு பரிமாறலாங்களா?”

“டேய், நான் இங்க இருக்கேன்டா!” என்று கத்தினார் பராக்கிரமன். கத்தியதில் கன்னம் எரிந்தது. முகத்தைக் கொண்டுபோய்க் கேமராவில் காட்டினார். இயந்திரம் வெகுநேரம் யோசித்து, ‘பதிவில் இல்லாத முகம்’ என்றது.

“நீங்க யாருங்க?” என்றான் குப்புசாமி.

“புலிடா!”

“அதைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. போன தடவை சிறுத்தையும் அதைத்தான் சொல்லுச்சு. முகம் மாறியிருந்தா திருத்தப் படிவம் இருக்குது. புலின்னு சான்று வேணும். ரெண்டு புலிகள் கையெழுத்துப் போடணும்.”

“இந்தக் காட்டுல வேற புலி ஏதுடா? எல்லாத்தையும் நான்தானே துரத்தினேன்!”

“அப்ப சிரமந்தாங்க,” என்றான் குப்புசாமி உண்மையான அனுதாபத்தோடு. “அப்படி ஓரமா நில்லுங்க.”

பராக்கிரமன் பற்களைக் காட்டிக்கொண்டு மேகலை மேல் பாய்ந்தார். பாய்ந்தார் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். இரண்டடி வந்ததும் மூச்சு வாங்கியது, உட்கார்ந்துவிட்டார். மேகலை பயத்தில் மாஸ்க்கால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

“மகாராஜா பதில் சொல்லணும்,” என்றான் குப்புசாமி அந்த மாஸ்க்கிடம். “பட்டியல்ல இருந்த மான் இப்பக் காணோம். சாப்புட்டாச்சுன்னு பதிவு பண்ணிடட்டுங்களா? இன்னைக்கு வேற ஏதாவது வேணுமா?”

மேகலை மாஸ்க்குக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரலில், “எனக்குப் பசியில்லீங்க,” என்றாள்.

குப்புசாமி எழுதிக்கொண்டான். “நாளைக்கு?”

“நாளைக்கும் இல்லீங்க.”

அந்த இரண்டு பதிலும் கணினியில் ஏறிவிட்டன. ஏறியதை இறக்க இரண்டு புலிகளின் கையெழுத்து வேண்டும்.

மேகலை மாஸ்க்கை ஒரு தேக்கிலையில் சுற்றிக்கொண்டு ஓடையோரம் வந்து சேர்ந்தாள். பெரியநாயகி அவளைப் பார்த்ததும் அலறினாள், பிறகு தும்பிக்கையால் வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். நடந்ததைச் சொல்ல மேகலைக்கு மூச்சே வரவில்லை. அழுகையும் சிரிப்பும் அவளுக்கு ஒன்றாக வந்தன. உயிரோடு இருப்பது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று அவளுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

மரகதம் இலையைப் பிரித்து மாஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்தாள்.

“ஐயய்யோ, மேகலை, இங்க வந்து பாரேன்! ராஜா மூக்குல எவ்வளவு கரும்புள்ளி!”

மறுநாள் மேகலை திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்த அந்த மாஸ்க் இப்போது குகை வாசலில் ஒரு குச்சியில் தொங்குகிறது. தினமும் காலையில் குப்புசாமி அதைக் கேமராவுக்குக் காட்டுகிறான், முகம் பொருந்துகிறது, ‘பசியில்லை’ என்ற பதிவு அப்படியே இருக்கிறது, யாருக்கும் செய்தி போவதில்லை. பேசாத, தின்னாத, கண்ணிருக்கும் இடத்தில் இரண்டு ஓட்டை உள்ள அந்த ராஜாவின் ஆட்சியைப் பற்றி இதுவரை ஒரு புகாரும் இல்லை. பராக்கிரமன் மட்டும் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கிறார். மீசையும் நெற்றிக் கோடுகளும் முளைத்துவிட்டன, ஆனால் கோடுகள் இந்த முறை வெள்ளையாக. சாயம் அடிக்கலாமா என்று மேகலையிடம் கேட்டு அனுப்பியிருக்கிறார்.

நீதி: உன்னைத் தின்னப் போகிறவரிடம் உயிருக்குக் கெஞ்சாதே. “உங்க முகம் ஏன் இப்படி வாடிக் கிடக்கு?” என்று மட்டும் கேள். மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.